கீழத்தெரு சிக்னல்

மம்சாபுரத்தில் மாடிக்கு மாடி வைஃபை பெட்டி வைத்து, ஊரே ஒரே இன்டர்நெட்டைப் பகிர்ந்துகொண்டது. எல்லாப் பெட்டியும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், இருந்தால்தான் நெட் ஓடும். பெட்டிகளைப் புதுச் சேனலுக்கு மாற்றிக்கொண்டே வந்த கீழத்தெரு பாண்டிசெல்வியை, கீழத்தெருக்காரர்கள் வழக்கமாக நுழையவேண்டிய தன் வீட்டுப் புறவாசலில் மேலத்தெரு சோலைராஜ் மறித்தார்.

"எம் பெட்டியத் தொடாத. எங்கிட்டருந்து வர்ற நெட்டு கீழத்தெருவுக்கு இனி கெடையாது."

"மாத்தலைன்னா சாயங்காலம் கட்டாயிரும், அய்யா."

"ஆவட்டும். எல்லாரும் கெஞ்சிக்கிட்டு வாங்க."

அவள் அடுத்த வீட்டு மாடிக்குப் போனாள்.

மாலையில் மற்ற பெட்டிகள் புதுச் சேனலுக்கு மாறின. சோலைராஜ் துபாயிலிருக்கும் மகளை வீடியோவில் அழைத்தார், முகம் வரவில்லை. கோபத்தோடு முதன்முறையாகக் கீழத்தெருவுக்குள் நுழைந்தவர், அங்கே எல்லா வீட்டிலும் நெட் ஓடுவதைக் கண்டு திகைத்தார்.

"உங்க வீட்டுலருந்து எங்களுக்கு வரலை. எங்க மாடியிலருந்துதான் உங்களுக்கு வந்துச்சு" என்றாள் பாண்டிசெல்வி.

"சரி, வந்து மாத்திக் குடு."

"வாரேன். ஆனா இனிமே பொறவாசல் வழியா வரமாட்டேன்."