முனியாண்டி நிறுத்திய பஸ்

"இன்னிக்குமா? ஐயோ, ஆலமாக்!"

பாடாங் மேஹா எஸ்டேட் முனியாண்டி கோயில் முன்னால் ஃபேக்டரி பஸ் நின்றதுமே பிரேமாவதிக்குச் சுர்ரென்று ஏறியது. டிரைவர் சுகுமாரன் சூடப் பெட்டியோடு ஆடி அசைந்து இறங்கினார். தினமும் இதே கூத்துதான்.

"அண்ணே, ரெண்டு தடவை லேட்டாயிட்டேன். பஸ் லேட்டுன்னு சொன்னா சூப்பர்வைசர் காதுலயே வாங்கல. இன்னொரு தடவைன்னா வார்னிங் லெட்டர். சீக்கிரம்லா!"

"கும்பிடாமப் போனா பஸ் நடுவழியில படுத்துரும் தங்கச்சி."

"பஸ்ஸு பழசுன்னா படுக்கும். சாமியா வந்து எஞ்சினைக் கழட்டுது?"

பஸ்ஸே சிரித்தது. சுகுமாரன் கோயிலைப் பார்த்து நடந்தார்.

இன்றைக்கு விடக்கூடாதென்று அவளும் பின்னாலேயே இறங்கினாள்.

ஒரு சூடம் எரிந்து அணைந்தது. இன்னொன்றை ஏற்றினார். அட, மனுஷன் சாமிக்கு முதுகைக் காட்டியல்லவா நிற்கிறார்! கண்ணெல்லாம் செம்பனை மரங்களுக்கு நடுவே வரும் மண்பாதையில்.

அந்தப் பாதையில் காளியம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். பேக்கிங் பிரிவில் வேலை செய்பவள்.

"மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிட்டு வர்றதுக்குள்ள நேரமாயிடுது பிரேமா. முனியாண்டிதான் தினமும் எனக்காகப் பஸ்ஸைப் பிடிச்சு வெக்கிறார். எது நடந்தாலும் அதுக்கு ஒரு நோக்கம் இருக்கும், பாத்துக்க!"

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறிப் போனாள். அந்த நோக்கம் சூடப் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தது.

"ஆளுக்காக நிறுத்தினா கம்பெனியில என்னைக் கிழிச்சிருவாங்க. சாமிக்குன்னா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. காளியம்மாகிட்ட சொல்லிடாத தங்கச்சி, கூச்சப்பட்டு வேலையையே விட்டுரும்."

பிரேமாவதிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. ஏறி உட்கார்ந்தாள். நல்ல வேளை, அன்றைக்கு நேரத்துக்கே போய்விட்டார்கள்.

மறுநாள் மூன்று சூடம் எரிந்து முடிந்தது. மண்பாதையில் ஆளைக் காணோம். சுகுமாரன் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலோரம் இருந்த பிரேமாவதியைப் பார்த்தார். லெட்டர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பெருமூச்சோடு பஸ்ஸை நோக்கித் திரும்பினார்.

பிரேமாவதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"என்னண்ணே அவசரம்? சாமி இன்னும் வரலையே. இன்னொரு சூடம் ஏத்துங்க!"