கோடாலியா, கத்தியா?

"ஸ்டமாத்தி! தண்ணி ஆறுது. இன்னிக்காவது குளிப்பியா மாட்டியா?"

"எனக்கு ஜலதோஷம்" என்றான் ஸ்டமாத்திஸ், சோபாவை விட்டு அசையாமல்.

பதினோரு மாதம் சரக்குக் கப்பலில் இன்ஜினைக் கட்டி அழுதுவிட்டு, கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கி நாலு நாளாயிற்று. உடம்பெல்லாம் குடலைப் பிடுங்கும் டீசல் நாற்றம். வீட்டுப் பூனைகூடப் பக்கத்தில் வரவில்லை.

"அஞ்சு மணிக்கு என் தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம். நீதான் ஞானத்தகப்பன். இந்தக் கோலத்துல வந்தா, பாதிரியார் குழந்தையை விட்டுட்டு உன்னைத்தான் தொட்டியில முக்குவார்!" என்றாள் மனைவி எவாந்தியா.

குளிக்க அவனுக்கு மட்டும் ஆசையில்லையா என்ன? வந்த அன்றே அவள் மேஜையில் ஒரு நாவலின் தட்டச்சுப் பிரதியைப் பார்த்துத் தொலைத்தான். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த அதே பழைய சோக நாடகம், இந்தக் காலத்துக்கு மாற்றியது. போருக்குப் போன ராஜாவுக்குப் பதில், கப்பலுக்குப் போன புருஷன். ராணி செய்ததையே இதில் பெண்டாட்டியும் செய்கிறாள். சிவப்புக் கம்பளம் விரிக்கிறாள், தேனாகப் பேசுகிறாள், குளிக்கும் தொட்டியில் வைத்துத் தீர்த்துக் கட்டுகிறாள். ஓரத்தில் எவாந்தியாவின் கையெழுத்தில், பென்சிலால்: 'கோடாலியா, கத்தியா? ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணணும்.'

வாசலிலோ புதுச் சிவப்பு மிதியடி!

"எழுந்திரு. நானே வந்து முதுகு தேய்ச்சு விடறேன்" என்றாள் எவாந்தியா.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. தடாலென்று அவள் காலில் விழுந்தான்.

"என்னைக் கொன்னுடாதே! உன் நாவலைப் படிச்சுட்டேன், உனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. தப்புதான்! அந்தப் பிரேசில்காரி பக்கமே இனிமே போக மாட்டேன். மாதா மேல சத்தியம்!"

எவாந்தியா அவன் பிடியிலிருந்து காலை விடுவித்துக்கொண்டாள்.

"அந்த நாவலை எழுதினது நான் இல்லை, ஸ்டமாத்தி. யாரோ ஒரு ரிட்டயர்டு பல் டாக்டர். பதிப்பகத்துல பிழை திருத்தற வேலை கிடைச்சிருக்கு எனக்கு. சொல்லலாம்னா, நாலு நாளா உன் பக்கத்துலயே வர முடியலையே! ஒரு அத்தியாயத்துல கோடாலின்னு எழுதியிருக்கார், அடுத்ததுல கத்திங்கறார். அதைத்தான் குறிச்சு வச்சேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"கத்தியே போதும்" என்றாள் அங்கிருந்தே, தேனாக. "போய்க் குளி, என் ராஜா. தண்ணி ஆறிடப் போகுது."