ஒரு சொல்லின் விளக்கம்

"பண்டிதர் ஐயா, நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கோ" என்று கூட்டத் தலைவர் இராசதுரை சொன்னதுதான் பிழை. பண்டிதர் பாக்கியரத்தினம் முதல் வார்த்தையிலேயே நங்கூரம் போட்டுவிட்டார்.

"கண்டுபிடிப்பாளர்!"

வெளிநாட்டு எஞ்சின்களின் இறக்குமதி நின்றுபோன காலம். கிண்ணியா ஸஹாப்தீன், பழைய தண்ணீர்ப் பம்பின் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடச் செய்து, வள்ளத்தில் பூட்டியிருந்தார். அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் திருகோணமலை இறங்குதுறைக்கு வந்திருந்தார். வள்ளம் ஓடினால், இப்படி எஞ்சின் செய்யும் பட்டறை தொடங்க அவருக்கு அனுமதி. ஓடாவிட்டால் அன்றோடு சரி.

"காணுதல் வேறு, பிடித்தல் வேறு" என்றார் பண்டிதர். "கண்டவரெல்லாம் பிடிப்பதில்லை."

"மீனைச் சொல்லுறாரோ?" என்றார் பின்னால் நின்ற தம்பையா. சிரிப்பு எழுந்தது.

"ஆங்கிலத்தில் இன்வென்ரர். அதற்கு வேர் லத்தீன். போகிற வழியில் ஒன்றை எதிர்கொண்டவர் என்றுதான் பொருள். அப்படியென்றால், இல்லாததை உண்டாக்கியவரை எப்படி அழைப்பது?"

"எப்பிடிக் கூப்பிட்டாலும் அவர் வருவார். நீங்கள் இறங்குங்கோ!" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

இராசதுரை பண்டிதரின் சால்வையைப் பிடித்து இழுத்தார். பண்டிதர் அதைச் சரிசெய்துகொண்டு சங்ககாலத்துக்குப் போனார்.

வள்ளத்தில் ஸஹாப்தீன் வியர்த்து விறுவிறுத்து இருந்தார்.

"பாவம் அந்த மனுசன்" என்றார்கள் கரையில் நின்றவர்கள்.

வெயில் சாய்ந்தது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துப் பதறி எழுந்தார். "கொழும்பு மெயில் ரயிலுக்கு நேரமாச்சு. வாற மாதம் வந்து பார்க்கிறன்."

ஜீப் மறைந்ததும் இராசதுரை வெடித்தார்.

"ஒரு மனுசன்ர பிழைப்பில மண்ணைப் போட்டிட்டீங்களே! இனி இந்த ஊரில உங்களுக்கு மேடை இல்லை!"

"ஓம், பிழைதான்" என்று பண்டிதர் தலை குனிந்தார். கூட்டம் கூவிவிட்டுக் கலைந்தது.

ஸஹாப்தீன் மட்டும் வள்ளத்தை விட்டு இறங்கி வந்து பண்டிதரின் கையைப் பிடித்தார்.

"ஐயா... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மத்தியானம் எஞ்சின் நின்று, நீங்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்தனான், தம்பி." பண்டிதர் குரலைத் தாழ்த்தினார். "கெதியாத் திருத்துங்கோ. வாற மாதம் என்னைப் பேச ஒருத்தரும் விடமாட்டினம்."