கண்ணைத் திறக்காதீங்க

"தப்பாச் சொல்லித் தொலைச்சிடுவேனோன்னு பயமா இருக்குங்க." காலையிலிருந்து தையலக்கா இதைச் சொல்வது ஏழாவது தடவை.

கணவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடியே சொன்னார். "'டீச்சரை ஜெபக்குழுவுல இருந்து நீக்கியாச்சு.' ஒரே வரி. இதுக்குப் போய் ஏன் இப்படிப் பயந்து சாகறே?"

"நான் அஞ்சாவதோட நின்னவ. அவங்க எம்.ஏ."

"தலைவி நீதானே?"

அதுதான் வம்பு. மற்றவர்கள் எல்லாரும் நழுவியதால் அவள் தலையில் விழுந்த பதவி அது.

பெண்கள் ஜெபக்குழுவில் ஒரு பெட்டி உண்டு. பெயர் போடாமல் ஜெபக் குறிப்பை எழுதிப் போடலாம், தலைவி வாசிப்பாள். போன வாரம் தையலக்கா ஒரு சீட்டைப் பிரித்து, "நர்ஸ் தங்கச்சியோட புருஷன் வீட்டை விட்டுப் போயிட்டார், ஜெபிங்க" என்று முடிப்பதற்குள், நர்ஸ் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள்.

நர்ஸுக்குப் பக்கத்து வீடு டீச்சர். சீட்டை எழுதியது அவள்தான் என்று எல்லாரும் முடிவு கட்ட இது போதாதா?

ஆலய ஹாலில் பேக்கரிக்காரம்மா தயாராக இருந்தாள். "சுவத்துக்குக் காது உண்டும்பாங்க. இவங்களுக்குச் சுவரே வேண்டாம்."

"நான் எழுதலைம்மா," என்றாள் டீச்சர். "பதினஞ்சு வருஷமா வர்றேன். எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு இடம்தான்."

"பின்ன, சீட்டு தானா நடந்து வந்துச்சா? தலைவி, சொல்லுங்க."

எல்லாக் கண்களும் தையலக்கா மேல். கண்ணை மூடிக்கொண்டே ஊசியில் நூல் கோக்கும் அந்தத் தையல்காரி பெட்டியைப் பார்த்தாள்.

திடீரென்று ஒரு யோசனை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. ஜெபத்துக்கு நடுவே குறுக்கே பேச இந்தக் குழுவில் யாருக்குத் துணிச்சல் உண்டு?

"எல்லாரும் கண்ணை மூடுங்க. ஜெபிப்போம்."

மூடினார்கள்.

"அன்பின் பரலோகப் பிதாவே, டீச்சரக்கா அந்தச் சீட்டை எழுதலை. யாருமே எழுதலை. போன வாரம் பெட்டி காலி. தலைவிக்குக் கௌரவக் குறைச்சலாப் போச்சு. வெத்துக் காகிதத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு வாசிச்சவ நான்தான், ஆண்டவரே. அளவு கொடுக்க வந்தப்ப அந்தத் தங்கச்சி என்கிட்ட அழுதது அது."

"அடிப்பாவி," என்றது ஒரு குரல்.

"கண்ணைத் திறக்காதீங்க, ஜெபம் முடியலை. பிதாவே, நீக்குறதா இருந்தா என்னை நீக்கட்டும். இப்பவே நர்ஸ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கறேன். டீச்சரக்காவும் பெரிய மனசு பண்ணணும். பேக்கரிக்காரம்மா கையைச் சும்மா வச்சுக்கணும்..."

டீச்சரின் மூடிய கண்களில் தண்ணீர்; தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

ஜெபம் நீண்டது. குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்ந்தது.

தையலக்கா 'ஆமென்' சொன்னது, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்ற பிறகுதான்.