பெரியப்பாவின் ரத்தம்

“ஏனுங்க பெரீப்பா, துளி ரத்தம் குடுக்கறதுக்கு இத்தன ரோசனையா?” என்றாள் யோகப்பிரியா.

நஞ்சப்பன் மண்வெட்டியால் தென்னைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்.

கொழிஞ்சாம்பாறையில் அவரைப் பற்றி நல்ல வார்த்தை கேட்பது அரிது. சிடுமூஞ்சி. நிச்சயம் முடிந்த ஜானகியைத் திடீரென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒண்டிக்கட்டையாகவே காலத்தைத் தள்ளியவர். ஏன் என்று கேட்டவர்களோடு பேச்சையே நிறுத்திக்கொண்டவர்.

யோகப்பிரியா வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்து, பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் அவளுக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்சாரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது, அப்பா வழியில் வந்த ஜீன்தான் காரணம் என்றார் டாக்டர் ஜோமோன். அப்பாவுக்கும் கருவி வைத்தாகிவிட்டது. தாத்தாவும் அவருடைய அப்பாவும், இருவருமே மூத்த பிள்ளைகள், நாற்பது வயதுக்குள் வரப்பில் சுருண்டு விழுந்து இறந்த காரணம் இப்போதுதான் வீட்டாருக்கு விளங்கியது. மிச்சம் இருந்தது பெரியப்பா மட்டும்.

“உங்களுக்கும் அது இருக்கலாமுங்க. இல்லாமயும் இருக்கலாம்.”

“இருக்கும். நானும் மூத்தவந்தான? அதுக்கெதுக்கு ரத்தம்? நீ மொதல்ல அந்தக் கோகுல்நாத் ஊட்டுல கல்யாணம் வேண்டாம்னு சொல்லிப்போடு.”

அவளுக்குச் சுருக்கென்றது.

“அவருக்கு எல்லாம் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் கட்டிக்கறேங்கறாரு. உங்களுக்குத்தான் யாரும் வேண்டாம். மத்தவங்களும் அப்படியே இருக்கோணுமா?”

“அந்தப் பையங்கிட்ட நானே பேசறேன்.”

“பேசுங்க. ஆனா மொதல்ல டாக்டர்கிட்ட வாங்க. ரிசல்ட் வந்ததும் போய்ப் பேசுங்க, நான் தடுக்க மாட்டேன்.”

அதற்காகத்தான் அவர் கையை நீட்டி ரத்தம் கொடுத்தார்.

முடிவு வந்த அன்று டாக்டர் சிரித்த முகத்தோடு அவர்களை உட்காரச் சொன்னார்.

“நஞ்சப்பன் சேட்டா, பேடிக்க வேண்டா, பயப்பட ஒண்ணும் இல்ல. உங்க தம்பிக்கு வந்தது உங்களுக்கு வரல. அந்த ஜீன் உங்ககிட்ட இல்ல. பிறந்தப்பவே இல்ல. இந்த வியாதி உங்களுக்கு எப்பவும் வந்திருக்காது.”

“கேட்டீங்களா பெரீப்பா!” யோகப்பிரியா சந்தோஷத்தில் அவர் கையைப் பற்றினாள்.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. டாக்டர் பக்கம் திரும்பினார். பிறகு, சிடுசிடுப்பு சுத்தமாக வடிந்துபோன குரலில் கேட்டார்:

“அப்ப, நான் ஜானகியக் கட்டியிருந்தா, அவ தாலியறுத்திருக்க மாட்டாளுங்களா டாக்டரே?”