இங்கிலீஷில் ஒரு பெண் பார்த்தல்

“ஏனுங்க, பொண்ணு நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசட்டுமுங்களே? நாளைக்கு எம் பையன்கூட பெங்களூர்ல இருக்கோணுமில்ல?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் அப்பா குழந்தைவேல் கிண்டிய கேசரியை வழித்தபடி.

வெண்ணிலாவுக்கு உயிர் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று தமிழில் சொல்ல, ஒரு மாதமாக அவளுக்கு வாய் வரவில்லை. இங்கிலீஷ் என்றால் கவலையில்லை. அந்த நாகலூர் வீட்டுக்குள் அது புரிந்தவர்கள் இரண்டே பேர்: அவளும் மாப்பிள்ளை மாதேஷும்.

சிரித்த முகத்தோடு ஆரம்பித்தாள். “ஐ டோன்ட் லைக் திஸ். ஐ வோன்ட் மேரி நௌ. ஐ கான்ட் லீவ் மை ஜாப்.”

மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மாவோ பூரித்துப் போனார். “அடேங்கப்பா, தண்ணி மாதிரி பேசுதுங்க! நொம்பப் புடிச்சிருச்சு. இப்பவே தட்டு மாத்திக்கலாமுங்க!”

வெண்ணிலா மாதேஷைப் பார்த்தாள். புரிந்த ஒரே ஆளும் அம்மாவுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. தாம்பூலத் தட்டு வந்துவிட்டது.

குழந்தைவேல் எழுந்து கைகூப்பினார். “மன்னிச்சுக்கோணுமுங்க. பொண்ணுக்கு இஷ்டமில்லீங்க.”

அவர்களுடைய கார் போனதும் வெண்ணிலா கேட்டாள். “அப்பா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“எனக்கெங்க தெரியும் கண்ணு? முப்பது வருஷம் எஸ்டேட் பங்களாவுல சமையல் பண்ணுனேன். டோன்ட், கான்ட், வோன்ட். இந்த மூணையும் விட்டா, முதலாளி எங்கிட்ட வேற இங்கிலீஷே பேசுனதில்ல.”