எழுந்திருக்க மாட்டேன்

தன்மானத்துக்காக முடிதுறந்த மன்னர்கள் உண்டு. அந்த வீட்டு அம்மாள் தன்மானத்துக்காகத் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க மறுத்தாள்.

அவள் மடி நிறையப் போர்வை கிடந்தது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்க, வீடியோ பார்த்து வீட்டிலேயே பழகிக்கொண்டிருந்தாள்.

"அக்காவும் அத்தானும் ஹால்ல உட்கார்ந்திருக்காங்க. எழுந்து வாயேன்" என்றார் கணவர்.

"வரமாட்டேன். என் தையலைப் பார்த்து, கோழி கிளறின மாதிரி இருக்குன்னு சொன்னது யாரு?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அந்தப் பேச்சாலதான் எனக்கிருந்த தைரியமே போச்சு. இன்னிக்குத்தான் பயப்படாம, நிறுத்தாம ஓட்டினேன். அது பொறுக்கலையா உங்களுக்கு?"

நாத்தனார் உள்ளே வந்துவிட்டாள். "ஏன்டா, பாடுபட்டுத் தைக்கிறவளைக் கேலி பண்ணுவியா? மன்னிப்புக் கேளு!"

கணவர் கேட்டார். ஹாலில் இருந்த அத்தானும், எதற்கென்று தெரியாமலே, பழக்க தோஷத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டுவைத்தார்.

"போதுமா? இப்பவாவது எழுந்திரும்மா" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கையை விடுங்க அண்ணி! எல்லாரும் வெளியே போங்க. போகும்போது அந்தக் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்துட்டு, கதவைச் சாத்திட்டுப் போங்க."

கணவர் பதறினார். "ஐயையோ! ஆத்திரத்துல போர்வையை வெட்டிடாதே!"

ஆத்திரமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. போர்வையின் அடித்துணியோடு, அவள் போட்டிருந்த நைட்டியும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.